பெயர் போட்டு எழுதிய நோட்டு

சேக்காட்டில் துலுக்கானம் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "செத்த வீட்டுக்குக் கவிதை எழுதுவாரே" என்று கேட்டால் டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தே வழி காட்டுவார்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் மின்கம்பங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்களில், இறந்தவர் படத்துக்குக் கீழே ஆறு வரி இருக்கும். அந்த வரிகளில் பாதிக்கு மேல் துலுக்கானம் எழுதியவை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறார். ஒரு பேனரில்கூட அவர் பெயர் இருந்ததில்லை.

வயது ஐம்பத்தேழு. ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத பருமன். அப்பா சின்னசாமி அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எஸ்டேட் என்று எல்லாரும் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு லாரியில் மூட்டை ஏற்றினார். மகன் பத்தாவது முடித்து, பதினெட்டு வயதில் எஸ்டேட்டில் இரும்பு உருக்கி வார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அங்கே தொழிற்சங்கத்துக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது துலுக்கானத்தின் வேலை. எல்லார் வசனமும் அவருக்கு மனப்பாடம். மேடையில் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

கம்பெனி மூடிய பிறகு பூந்தமல்லியில் பேனர் அடித்துக் கொடுக்கும் அன்வர் பாஷாவின் கடைக்கு வந்து சேர்ந்தார். முதலில் எட்டு வரி எழுதினாராம்.

"கவிஞரே, எட்டு வரி வச்சா போட்டோ சின்னதாப் பூடும். செத்தவன் மூஞ்சி தெரியலன்னா அவன் மச்சான் வந்து என் மூஞ்சியப் பேத்துடுவான். ஆறுக்கு மேல போவாத" என்றார் அன்வர் பாஷா. அன்றிலிருந்து ஆறு.

அம்மா கன்னியம்மா இறந்தபோதும் துலுக்கானம்தான் எழுதினார். பேனரைத் தெருமுனையில் கட்டினார்கள். காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு அதன் எதிரில் நின்று படித்திருக்கிறார். அம்மா பெயர் இருந்தது. துக்கம் தெரிவிக்கும் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் பதினாலு பேரின் பெயர் இருந்தது. மூலையில் அன்வர் பாஷாவின் போன் நம்பர் இருந்தது. எழுதியவன் பெயர் மட்டும் இல்லை. அம்மா போன துக்கத்தோடு இதுவும் சேர்ந்து அன்றைக்கு அழுகை வந்தது என்று, வெட்கப்படாமல் சொல்வார்.

தனக்கு நடந்தது தன் நாடகத்தில் யாருக்கும் நடக்கக் கூடாது என்று அப்போது முடிவு செய்துகொண்டார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த முடிவுதான் ஆரம்பம்.

நசரத்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் சனிக்கிழமை தோறும் அவர் நாடக ஆசிரியர். மற்ற நாட்களில் ஹெல்மெட் நாடகம், டெங்கு நாடகம், ஓட்டுப் போடச் சொல்லும் நாடகம். எதையும் முன்கூட்டி எழுதிக்கொண்டு போக மாட்டார். நடிப்பவர்களை வட்டமாக உட்கார வைத்து, "ஒன் வேலையில இன்னா நடக்குது, அத்த சொல்லு" என்பார். அவர்கள் பேசுவதிலிருந்து பொறுக்கி, நீள நோட்டில் எழுதுவார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓரத்தில் அதைக் கொடுத்தவர் பெயர். நாடகம் முடிந்ததும் மேடையில் நின்று பெயர்களை வாசிப்பார். இன்ன வசனம் இன்னாருடையது என்று மைக்கில் கேட்கும்போது கூட்டிப் பெருக்கும் பெண்ணும் நிமிர்ந்து நிற்பாள்.

எஸ்டேட்டில் வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்துக்கு ஒவ்வொரு வருடமும் அவரைக் கூப்பிடும். 2024 பிப்ரவரியிலும் கூப்பிட்டது. நடிக்க எட்டுப் பேரைக் கொடுத்தார்கள். எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதில் பானுப்பிரியா பிரஸ்ஸில் வேலை செய்பவள், பட்டாபிராம்காரி, வயது இருபத்தொன்பது. ஜமீலா பேக்கிங்கில் இருப்பவள், பூந்தமல்லியிலிருந்து வருகிறவள். பானுவுக்கு வாய் நீளம். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பது பிறவியிலேயே தெரியும். முதல் நாளே அவளைக் கதாநாயகி ஆக்கிவிட்டார்.

பிரஸ் என்பது மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம். அதை இறக்க இரண்டு பொத்தான்கள், தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அடியில் மாட்டாது என்பதுதான் ஏற்பாடு. ஒரு பொத்தானை டேப் சுற்றி அழுத்தியபடியே வைத்துவிட்டால், ஒரு கை சும்மா இருக்கும். அந்தக் கையால் அடுத்த தகட்டை வைக்கலாம். வேகம் கூடும்.

"டேப்ப யாரு சுத்துவா?" என்று ஒத்திகையில் கேட்டார் துலுக்கானம்.

"யாரு சுத்துவா? உதயகுமார் சார்தான்" என்றாள் பானு. உதயகுமார் அவளுடைய ஷிஃப்ட் சூப்பர்வைசர். "காலைல வருவாரு. போர்டுல இன்னிக்கி ஆயிரத்து எரநூறு பீஸுன்னு எழுதுவாரு. அப்பால அவரே வந்து மூணாம் நம்பர் பிரஸ்ல செவப்பு டேப்ப சுத்திட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி பூடுவாரு. வாயத் தொறக்க மாட்டாரு."

"ஒரு வார்த்த கூடவா பேச மாட்டாரு?"

"மாப்ளைக்கி மோதரம் போட்றா மாதிரி கம்முனு சுத்திட்டுப் போவாரு வாத்தியாரே."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். துலுக்கானம் சிரிக்கவில்லை, யோசித்தார். கேன்டீனில் முந்நூறு பேர் உட்காருவார்கள். ஒருவன் வந்து பேசாமல் டேப் சுற்றினால் பின்வரிசைக்குத் தெரியாது. அதையே வசனமாக வைத்தால் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். 'ஒரு பட்டனக் கட்டிடு, ஆயிரத்து எரநூறு வந்தாவணும்' என்று சூப்பர்வைசர் பாத்திரம் பானுவிடம் சொல்வதாக எழுதினார். ஓரத்தில்: பானு, 9.2.24.

மறுநாள் ஜமீலா அவரைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணாத்தே, நோட்ட ஆபீஸ்ல காட்டணும்னு சொன்னியே. அதுல பானு பேரு கீது. உதயகுமார் சார் பாத்தா அவள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு."

சரிதான் என்று பட்டது. கறுப்புப் பேனாவால் அந்த வரியையும் பெயரையும் சேர்த்து அடித்தார். மேலும் கீழுமாக, பக்கவாட்டில், எழுத்து ஒன்றும் தெரியாதபடி அடித்தார். பிறகு போய் மனிதவள அதிகாரி ரகுநாதனிடம் வாயால் கதையைச் சொன்னார்.

ரகுநாதன் மரியாதையானவர். காபி வரவழைத்தார். "சூப்பர்வைசர் சொல்ற மாதிரி வேண்டாம் சார். தப்பான மெசேஜ் போயிடும். வொர்க்கரே கட்டுற மாதிரி வைங்க" என்று சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்: 'தவறு என்று தெரிந்தும் என் சொந்த விருப்பத்தின் பேரில் பொத்தானைக் கட்டினேன்.'

துலுக்கானம் மறுத்துப் பேசவில்லை. வருடா வருடம் அவருக்குக் கிடைக்கும் வேலை அது. தொழிலாளி தானே குற்றத்தை ஒப்புக்கொள்வது அவருக்குப் பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை, நாடகம்தானே.

ஒத்திகையில் பானு அந்தத் தாளைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இத்தப் பேசினா தூங்கிடுவானுங்க வாத்தியாரே. தொ பாரு." இடுப்பில் கை வைத்து, சூப்பர்வைசராக நடிப்பவரைப் பார்த்து, "தப்புன்னு தெரியும் சார். தெரிஞ்சிதான் கட்னேன். என் கை, என் இஷ்டம்!" என்றாள். ஒத்திகை அறை அதிர்ந்தது. துலுக்கானம் சொல்லுக்குச் சொல் எழுதி, ஓரத்தில் பெரிய எழுத்தில் பானு என்று போட்டார். செத்த வரிக்கு உயிர் கொடுத்தவள் அவள்தானே.

மார்ச் மாதம் கேன்டீனில் நாடகம் நடந்தது. வீடியோ எடுத்தார்கள். 'என் கை, என் இஷ்டம்' என்ற இடத்தில் விசில் பறந்தது. கடைசிக் காட்சியில் அவள் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு அழுதபோது சத்தமே இல்லை. துலுக்கானம் மைக்கில் எட்டுப் பேரின் பெயரையும் வாசித்தார். முன்வரிசையில் இருந்த உதயகுமாரும் கை தட்டினார்.

ஜூலை பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் எண் பிரஸ்ஸில், பானுவின் வலது கையில் கட்டை விரல் தவிர நான்கும் போயின.

ஒரு பொத்தானில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. பக்கத்து இயந்திரக்காரர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டேப் சுற்றியது யார் என்று கண்டுபிடிக்கக் கம்பெனி விசாரணை வைத்தது. சுற்றியது சூப்பர்வைசர் என்றால் பானுவுக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தாக வேண்டும். அவளே சுற்றினாள் என்றால், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியதாக வெளியே அனுப்பிவிடலாம்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன துலுக்கானத்திடம் பானு ஒன்றுதான் சொன்னாள். "கை போச்சு, பரவால்ல. இருக்கற கையில எதுனா பண்ணிக்கிறேன். ஆனா நானே போய் நானே உட்டுகினேன்னு காய்தத்துல எழுதிடக் கூடாது வாத்தியாரே. என் பொண்ணு ஒரு நாள் படிக்கும்."

ஆகஸ்டில் ஜமீலா போன் செய்தாள். "விசாரணையில இன்னா ஓட்டிக் காட்டிகினு கீறாங்க தெரியுமா? ஒன் நாடகத்த. அவ 'என் கை, என் இஷ்டம்'னு சொல்ற எடத்த ரெண்டு வாட்டி ஓட்னாங்க. விதி தெரிஞ்சவ, தெரிஞ்சே பண்ணான்னு சொல்றாரு ரகுநாதன் சார்."

துலுக்கானம் நீள நோட்டைத் தேடி எடுத்தார். அந்த வரி வந்த கதை தனக்குத்தான் தெரியும். நோட்டு தன்னிடம் இருக்கிறது. நோட்டைக் காட்டினால் போதும் என்று நினைத்தார்.

மனைவி புஷ்பா தடுத்தாள். "போனா எஸ்டேட்ல இனி ஒரு கம்பெனியும் ஒன்ன உள்ள உடாது. அந்த ஸ்கூல்காரனும் கழட்டி உட்ருவான்."

"உடட்டும். ஒத்த கையோட அவ குந்திகினு கீறா. நான் இங்க குந்தி ஆறு வரி எழுதினு இருக்கணுமா?"

அன்றைக்கு அவர் போட்டுக்கொண்ட சட்டை, பள்ளி ஆண்டு விழாவுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை.

விசாரணை கம்பெனியின் பயிற்சி அறையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர் ஒருவர் விசாரணை அதிகாரி. எதிரே ரகுநாதன், பக்கத்தில் உதயகுமார். இந்தப் பக்கம் கட்டுப் போட்ட கையோடு பானு, அவளுக்குத் துணையாக ஜமீலா. பானு அவரையும் கையிலிருந்த நோட்டையும் பார்த்து முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். "ஓரத்துல இருக்கற பேரெல்லாம் என்ன?"

இத்தனை வருடத்தில் இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. துலுக்கானத்தின் குரல் கனத்தது. "அந்த வசனத்தக் குடுத்தவங்க பேரு சார். இருபது வருஷமா இப்படித்தான் எழுதறேன். எவ்ளோ தேடுனாலும் என் நோட்டுல ஒரு பேரு தப்பா இருக்காது."

"நல்லது. இந்த வரியைப் படிங்க."

"தப்புன்னு தெரியும் சார். தெரிஞ்சிதான் கட்னேன். என் கை, என் இஷ்டம்."

"எதிர்ல?"

"பானு."

சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "இல்ல சார், அது ரகுநாதன் சார் எழுதிக் குடுத்தது. தாள்ல எழுதிக் குடுத்தாரு."

"அந்தத் தாள் இருக்கா?"

இல்லை. ஒத்திகை முடிந்ததும் வேர்க்கடலை மடிக்க எடுத்துக்கொண்டார்கள்.

"ரகுநாதன் பேர் இங்க இல்லையே?"

"அவரு குடுத்தது வெறும் எழுத்து சார். உசுரு குடுத்தது பானு."

"அப்ப வசனம் பானுவோடதுதானே?" அதிகாரி கிண்டலாகக் கேட்கவில்லை. குறித்துக்கொள்வதற்காகக் கேட்டார். பிறகு அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "மேல ஒரு வரி அடிச்சிருக்கே. யார் அடிச்சது?"

"நான்தான்."

"எப்ப? நேத்தா?"

"பிப்ரவரிலயே சார். அந்தப் பொண்ணுக்குப் பிரச்சன வரக் கூடாதுன்னு."

"என்ன எழுதியிருந்தது?"

மறைவில் நின்று பிறருக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவர். வரி தானாக வாயில் வந்தது. "ஒரு பட்டனக் கட்டிடு, ஆயிரத்து எரநூறு வந்தாவணும். அப்படின்னு சூப்பர்வைசர் இந்தப் பொண்ணாண்ட சொல்லுவாரு சார்."

உதயகுமார் நிமிர்ந்தார். ரகுநாதன் எழுதுவதை நிறுத்தினார். அதிகாரி கோப்பில் பின்னோக்கிப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "பானுப்பிரியா என்ன சொல்லியிருக்காங்கன்னா, சூப்பர்வைசர் ஒரு வார்த்தையும் பேசல, அவரே வந்து டேப் சுத்தினார்னு. நீங்க சொல்றபடி பார்த்தா அவர் சொன்னார், இவங்க சுத்தினாங்க. எது உண்மை?"

துலுக்கானத்துக்கு ஒத்திகை அறை முழுவதும் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது போல என்று அவள் சொன்னது, எட்டுப் பேரும் சிரித்தது, பின்வரிசைக்குத் தெரியாதே என்று தான் யோசித்தது எல்லாம்.

"அது... நாடகத்துக்காக நான் பேச வெச்சேன் சார்."

"அதாவது நீங்க எழுதினது நடந்தது இல்ல."

"இந்தப் பொண்ணு சொன்னதுதான் சார் நெசம்."

"உங்க நோட்டுல ஒரு பேரும் தப்பா இருக்காதுன்னு சொன்னீங்க. வரி தப்பு, பேர் மட்டும் சரியா?"

நோட்டின் இரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் சேர்த்தார்கள். கம்பெனியின் வீடியோவுக்குப் பக்கத்தில், தொழிலாளி தரப்புச் சாட்சி கொண்டுவந்த ஆவணம் என்று நம்பர் போட்டார்கள்.

வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில், பானு நடந்துகொண்டே சொன்னாள். "நீ பேரு போடாமலே உட்ருக்கலாம் வாத்தியாரே." கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஜமீலா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருபது நாளில் முடிவு வந்தது. தொழிலாளி விதியை அறிந்தே, தன் விருப்பத்தின் பேரில் பொத்தானைக் கட்டினார். விருப்பத்தின் பேரில் என்பது ரகுநாதன் தாளில் எழுதிக் கொடுத்த அதே சொல். பானு வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.

ஒரு மாதம் துலுக்கானம் எழுதவில்லை. அன்வர் பாஷா மூன்று சாவுக்குப் பழைய வரிகளையே பெயர் மாற்றிப் போட்டார். நாலாவதாகத் துலுக்கானமே, தானே வரைந்த ஒரு பேனர் மாதிரியோடு கடைக்கு வந்தார். ஆளுயரத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி. படம் இருக்கும் இடத்தில் ஒரு வலது கை. கீழே ஆறு வரி.

"யார்ரா செத்தது?"

"கை."

அன்வர் பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தார். "என் போன் நம்பர் போட மாட்டேன், நைனா. ஆனா அடிச்சித் தரேன்."

அச்சுக்குப் போகுமுன் பட்டாபிராம் போய்ப் பானுவிடம் காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து, மகளின் பலகையில் இடது கையால் 'அ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். ஆறு வரியையும் படித்தாள். சிவந்த மலர், உதிர்ந்த இதழ் என்றெல்லாம் இருந்தது.

"இதெல்லாம் இன்னாது? பூவெல்லாம் வேணாம். எடு."

"அப்பால இன்னா எழுதறது?"

"நடந்தத எழுது. நான் அன்னிக்கே சொன்னேனே, அத்த எழுது. இந்த வாட்டி எதையும் மாத்தாத." பலகையை ஓரமாக வைத்தாள். "என் பேரப் போடாத. நான் எழுதினேன்னும் போடாத, எனக்கு எழுதினதுன்னும் போடாத."

அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு சொல்லைக்கூட மேடைக்காகத் திருப்பவில்லை.

நவம்பரில் ஒரு காலை, விடிந்தும் விடியாமலும், கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே பேனர் தொங்கியது. மூன்று வரிதான்.

'ஜூலை 18. மூன்றாம் எண் பிரஸ்.
டேப்பைச் சுற்றியவர் பேசவில்லை. சுற்றிவிட்டுப் போனார்.
கை வைத்தவள் அவள். சுற்றியவள் அவள் இல்லை.'

அடியில், வட்டாரத்தில் எந்த அஞ்சலி பேனரிலும் இல்லாதபடி: எழுதியவர் சேக்காடு துலுக்கானம்.

ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்த பேருந்துகள் அதன் முன்னால்தான் நின்றன. சிலர் நின்று படித்தார்கள், சிலர் தலை குனிந்து போனார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்துவிட்டுச் சட்டென்று பையில் போட்டார். ஆறு இருபதுக்குக் காவலாளி ஏணி கொண்டுவந்து கயிற்றை அறுத்தார். அறுக்குமுன் அவரும் படித்ததாக எதிர்க் கடைக்காரர் சொல்கிறார்.

நசரத்பேட்டைப் பள்ளியிலிருந்து அடுத்த சனிக்கிழமை வர வேண்டாம் என்று செய்தி வந்தது. எஸ்டேட்டில் வேறு கம்பெனிகளும் கூப்பிடவில்லை. புஷ்பா வானகரத்தில் ஒரு ஃபிளாட்டுக்குச் சமையல் வேலைக்குப் போகத் தொடங்கினாள். விசாரணை முடிவு அப்படியே இருக்கிறது. துலுக்கானம் பூந்தமல்லிக் கடையில் ஆறு வரி எழுதுகிறார், பெயரில்லாமல். நீள நோட்டை வெளியே எடுப்பதில்லை.

டிசம்பரில் ஜமீலா அந்தக் கடைக்கு வந்தாள். அவளுடைய மாமியார் ரசூல் பீவி இறந்து நாற்பதாம் நாள் நோட்டீஸ் அடிக்க வேண்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் போவதா நிற்பதா என்று தயங்கினாள். பிறகு நின்றாள்.

"பேனரப் பாத்தேன் அண்ணாத்தே. எல்லாரும் பாத்தோம்."

"உள்ள எதுனா மாறிச்சா?"

ஜமீலா நோட்டீஸுக்கான தாளை மேஜை மேல் வைத்து, கையால் நீவி விட்டாள்.

"மூணாம் நம்பர்ல இப்ப சிம்ரன்னு ஒரு பொண்ணு நிக்குது. பத்தொம்போது வயசு. டேப்பு மட்டும் பச்சக் கலருக்கு மாறிக்கீது."